நிகான் டி3200-க்கு எந்த லென்ஸ் பொருந்தும்?

கேள்வி: அண்ணா, வணக்கம். மாமா வைத்திருந்த நிகான் டி3200 கேமராவை எனக்குக் கொடுத்துவிட்டார். கூட வந்தது 18-55 லென்ஸ் மட்டும்தான். தங்கைக்கு பரதநாட்டிய அரங்கேற்றம் வரப்போகிறது. போன முறை அவள் சபாவில் ஆடியபோது எடுத்த படமெல்லாம் இருட்டு, கை கால் எல்லாம் கலங்கல். பழைய கேமரா விற்கும் கடையில் ஏஎஃப் 50 எம்எம் எஃப்/1.8டி, ஏஎஃப்-பி 70-300 என்று இரண்டு லென்ஸ் காட்டினார்கள். "நிகான் லென்ஸ் எதுவானாலும் நிகான் பாடியில் உட்காரும்" என்கிறார் கடைக்காரர். நண்பன் ஒருவன் அவனுடைய கேனன் 50 எம்எம் லென்ஸைத் தருகிறேன், ஒரு அடாப்டர் வாங்கிக்கொள் என்கிறான். இதில் எதை எடுக்கலாம்?
கல்லூரி மாணவர், கும்பகோணம்

தம்பி, முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், காரணத்தைப் பிறகு பேசலாம். அந்த மூன்றில் எதுவும் வேண்டாம். உங்கள் பாடிக்கும் அரங்கேற்றத்துக்கும் பொருந்துவது ஏஎஃப்-எஸ் நிக்கோர் 50 எம்எம் எஃப்/1.8ஜி. பெயரின் முதலில் "ஏஎஃப்-எஸ்" என்று இருக்க வேண்டும், கடைசியில் "ஜி" இருக்க வேண்டும். கடையில் காட்டிய 50-க்கும் இதற்கும் பெயரில் இரண்டு எழுத்துதான் வித்தியாசம், ஆனால் உங்கள் கேமராவில் மாட்டினால் ஒன்று தானாக ஃபோகஸ் பிடிக்கும், இன்னொன்று பிடிக்கவே பிடிக்காது.

கடைக்காரர் சொன்னது பொய் இல்லை. லென்ஸ் மாட்டும் வளையத்துக்கு மவுன்ட் என்று பெயர், நிகான் தன் எஃப் மவுன்டை 1959-ல் கொண்டுவந்தது, டிஎஸ்எல்ஆர் காலம் வரைக்கும் அந்த வளையத்தின் அளவை மாற்றவே இல்லை, அதனால் நாற்பது வருடத்துக்கு முந்தைய லென்ஸ்கூட உங்கள் டி3200-ல் போய் 'க்ளிக்' என்று மாட்டிக்கொள்ளும். மாட்டிக்கொண்ட பிறகு அது ஃபோகஸ் செய்யுமா, வெளிச்சத்தை அளக்குமா என்பதுதான் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி. அதற்கான பதில் மவுன்டில் இல்லை, மோட்டார் எங்கே இருக்கிறது என்பதில் இருக்கிறது.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் ஆரம்பநிலை நிகான் வைத்திருப்பவர்கள் பணத்தை விடும் இடம் பெரும்பாலும் இதுதான். 1980-களில் ஆட்டோஃபோகஸ் வந்தபோது நிகான் மோட்டாரை கேமராவுக்குள் வைத்தது. பாடியின் மவுன்ட் வளையத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ முனை நீட்டிக்கொண்டிருக்கும், அது லென்ஸின் பின்பக்கம் உள்ள பள்ளத்தில் போய் உட்கார்ந்து, சுழன்று ஃபோகஸை நகர்த்தும். வெறும் "ஏஎஃப்" என்று மட்டும் பெயர் போட்ட லென்ஸ்கள் எல்லாம் இந்த வகை. பிறகு மோட்டாரை லென்ஸுக்குள்ளேயே வைத்துச் செய்ததுதான் ஏஎஃப்-எஸ். 2006-ல் டி40 வந்தபோது, விலையும் எடையும் குறைய வேண்டும் என்று பாடியில் இருந்த மோட்டாரை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பின் வந்த டி60, டி3000 வரிசை, டி5000 வரிசை எதிலும் மோட்டார் கிடையாது, 2012-ல் வந்த உங்கள் டி3200-லும் கிடையாது. வேண்டுமானால் லென்ஸைக் கழற்றிவிட்டு மவுன்ட் வளையத்தைச் சுற்றிப் பாருங்கள், அந்த ஸ்க்ரூ முனை இருக்காது. டி90, டி7000 வரிசை, டி750 மாதிரி பாடிகளில் இருக்கும்.

கேனன் வைத்திருக்கும் உங்கள் நண்பனுக்கு இந்தக் கவலையே வந்திருக்காது. கேனன் 1987-ல் ஈஎஃப் மவுன்டை ஆரம்பித்தபோதே மோட்டாரை லென்ஸில்தான் வைத்தது. அதனால்தான் அவர்கள் ஊரில் "மாட்டினால் வேலை செய்யும்" என்கிற பேச்சு சரியாக இருக்கிறது, நிகான் பக்கம் அதே பேச்சை நம்பினால் ஏமாந்து போவோம்.

சரி, கடையில் காட்டிய 50 எம்எம் எஃப்/1.8டி. அது மோசமான லென்ஸ் என்று நினைக்காதீர்கள், கண்ணாடி நல்ல கண்ணாடி, எடை 155 கிராம்தான், விலையும் குறைவு. உங்கள் பாடியில் வெளிச்சத்தைக்கூட சரியாக அளக்கும், அதற்கு லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை, எஃப் எண் சின்னதானால் துளை பெரிது) வளையத்தைக் கடைசி எண்ணான 22-ல் வைத்துப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் திரையில் எஃப்இஇ என்று மின்னும், படம் எடுக்க விடாது. ஆனால் ஃபோகஸை நீங்கள்தான் கையால் திருப்ப வேண்டும். வ்யூ ஃபைண்டரின் கீழ் மூலையில் ஒரு பச்சைப் புள்ளி எரிந்து ஃபோகஸ் வந்துவிட்டது என்று சொல்லும், உட்கார்ந்திருக்கும் பாட்டியைப் படமெடுக்க அது போதும். ஜதிக்கு ஆடிக்கொண்டிருக்கும் பெண்ணின் முகத்தை, டி3200-ன் அந்தச் சின்ன வ்யூ ஃபைண்டர் வழியாகப் பார்த்து, எஃப்/2-ல், கையால் ஃபோகஸ் பிடிப்பது ரொம்பக் கஷ்டம். அரங்கேற்றம் ஒரு தடவைதான். அந்த நாளில் இந்தப் பரிசோதனை வேண்டாம்.

ஏஎஃப்-பி 70-300 இதைவிட மோசமான பொருத்தம். பெயரில் "ஏஎஃப்-பி" என்று இருப்பதால் லென்ஸுக்குள் மோட்டார் இருக்கிறது, அதுவும் புது வகை ஸ்டெப்பிங் மோட்டார், சத்தமே இல்லாமல் வேகமாக ஓடும். டி3400, டி3500, டி5600 வைத்திருப்பவர்களுக்கு நானே இதைச் சிபாரிசு செய்வேன், டி3300-க்கும் ஃபர்ம்வேர் (கேமராவின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டால் வேலை செய்யும். ஆனால் டி3200-க்கு அந்த மோட்டாரிடம் பேசத் தெரியாது. டி3000, டி3100, டி5000, டி5100 எல்லாமும் அப்படித்தான். இதில் இன்னொரு சிக்கல், ஏஎஃப்-பி லென்ஸில் ஃபோகஸ் வளையம் கண்ணாடியை நேராக நகர்த்துவதில்லை, வளையத்தைத் திருப்பினால் மோட்டாருக்குச் சிக்னல் போய் மோட்டார்தான் நகர்த்துகிறது. ஆகவே உங்கள் பாடியில் கையாலும் ஃபோகஸ் செய்ய முடியாது. கடையில் மாட்டிப் பார்த்தால் உட்காரும், படம் மட்டும் வராது.

கேனன் லென்ஸும் அடாப்டரும் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. கேனன் ஈஎஃப் லென்ஸ் சென்சாரிலிருந்து 44 மில்லிமீட்டர் தூரத்தில் இருக்கும்படி வடிவமைத்தது, நிகான் எஃப் மவுன்டின் தூரம் 46.5 மில்லிமீட்டர். அடாப்டர் போட்டால் இன்னும் தள்ளித்தான் போகும், அதனால் தூரத்தில் உள்ள எதற்கும் ஃபோகஸ் வராது. அதைச் சரிசெய்ய நடுவில் ஒரு கண்ணாடி வைத்த அடாப்டர்கள் இருக்கின்றன, அவை படத்தின் தெளிவைக் கெடுக்கும். போதாக்குறைக்கு ஈஎஃப் லென்ஸில் அப்பர்ச்சரை நகர்த்துவதும் மின்சாரம்தான், நிகான் பாடியிலிருந்து அதை மாற்றவே முடியாது. நண்பனுக்கு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள்.

இப்போது உங்கள் படங்கள் ஏன் கலங்கின என்பதைப் பார்க்கலாம், லென்ஸ் தேர்வு அதிலிருந்துதான் வர வேண்டும். 18-55-ஐ 55-க்குத் திருப்பினால் அதிகபட்சம் திறக்கும் அளவு எஃப்/5.6. சபா வெளிச்சத்தில் ஐஎஸ்ஓ (சென்சார் வெளிச்சத்தை உணரும் அளவு) 1600 வைத்து எடுத்தால் ஷட்டர் 1/30 விநாடி பக்கம் போயிருக்கும் என்று நினைக்கிறேன், உங்கள் பழைய படத்தை கேமராவில் திறந்து பார்த்தால் அந்த எண் இருக்கும், பாருங்கள். 1/30-ல் ஆடுபவரின் கை நிச்சயம் கலங்கும். லென்ஸில் விஆர் இருக்கிறதே என்று கேட்கலாம், விஆர் உங்கள் கை நடுக்கத்தைத்தான் சரி செய்யும், மேடையில் ஆடுபவரை நிறுத்தி வைக்காது. எஃப்/5.6-லிருந்து எஃப்/2-க்கு வந்தால் எட்டு மடங்கு வெளிச்சம் உள்ளே வருகிறது, அதே ஐஎஸ்ஓவில் ஷட்டர் 1/250-க்குப் போய்விடும். ஐஎஸ்ஓவை 3200 ஆக்கினால் 1/500. டி3200-ல் 3200 வரை தைரியமாகப் போகலாம், 6400-ல் புள்ளி புள்ளியாகத் தெரிய ஆரம்பிக்கும், ஆனாலும் புள்ளி விழுந்த கூர்மையான படம், கலங்கிய சுத்தமான படத்தைவிட எவ்வளவோ மேல்.

அகலமாகத் திறக்கும் லென்ஸ் வேண்டும் என்பது முடிவாகிவிட்டது. 35-ஆ 50-ஆ என்பதுதான் மிச்சம். இதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. டி3200 சென்சாரின் அகலம் 23.2 மில்லிமீட்டர், உயரம் 15.4. ஆடுபவருக்கும் உங்களுக்கும் உள்ள தூரத்தை இந்த எண்கள் ஒவ்வொன்றாலும் பெருக்கி, லென்ஸின் எம்எம் எண்ணால் வகுத்தால் எவ்வளவு இடம் படத்தில் அடங்கும் என்று வந்துவிடும். நீங்கள் எட்டு மீட்டர் தள்ளி முன்வரிசையில் உட்கார்ந்தால், 50 எம்எம்-ல் சுமார் 3.7 மீட்டர் அகலமும் 2.5 மீட்டர் உயரமும் அடங்கும். தங்கை கையைத் தலைக்கு மேல் தூக்கினாலும், காலை வீசினாலும் வெட்டுப்படாமல் வருவாள், மேலே கீழே கொஞ்சம் இடமும் மிஞ்சும். அதே தூரத்தில் 35 போட்டால் 5.3 மீட்டருக்கு 3.5 மீட்டர், அதாவது பின்திரையும், ஒரு பக்கம் நட்டுவாங்கம் செய்பவர்கள் உட்கார்ந்திருக்கும் இடமும் பாதி வந்துவிடும், ஆடுபவர் சின்னதாகத் தெரிவார். 24 மெகாபிக்சல் இருக்கிறது, வெட்டிக்கொள்ளலாம்தான், ஆனாலும் மேடைக்கு 50 சரி.

வீட்டுக்குள் கதை மாறும். மூன்று மீட்டர் தூரத்தில் 50-ல் 1.4 மீட்டர் அகலம்தான் அடங்கும், அப்பா அம்மா தங்கை மூவரும் சேர்ந்து நிற்க மாட்டார்கள், நீங்கள் சுவரில் முதுகு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். தினசரிக்கு, வீட்டு விசேஷத்துக்கு, கோயில் பிராகாரத்துக்கு என்று ஒரே லென்ஸ் கேட்டிருந்தால் ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் (உங்களுடையது மாதிரி சின்ன சென்சாருக்கான வகை) 35 எம்எம் எஃப்/1.8ஜி என்று சொல்லியிருப்பேன். 2009-ல் வந்தது, 200 கிராம், உங்களுடையதைப் போன்ற பாடிகளுக்காகவே செய்த லென்ஸ், பழைய கேமரா சந்தையில் தாராளமாகக் கிடைக்கும். நீங்கள் கேட்டது அரங்கேற்றம், அதனால் என் ஓட்டு 50-க்கு.

கணக்கை நம்பாவிட்டால் இன்னொரு வழி இருக்கிறது, உண்மையில் இதுதான் எனக்குப் பிடித்த வழி. வாங்குவதற்கு முன் அந்த சபாவுக்கு ஒரு நாள் போய், நீங்கள் உட்காரப்போகிற இடத்திலிருந்து, கையில் இருக்கும் 18-55-ஐ முதலில் 35-ல் வைத்து, அப்புறம் 50-ல் வைத்து மேடையைப் படமெடுங்கள். ஜூமில் 50 காட்டும் அகலம்தான் பிரைம் (ஜூம் இல்லாத) லென்ஸின் 50-லும் வரும். டிஎக்ஸ் லென்ஸ், எஃப்எக்ஸ் (பெரிய சென்சாருக்கான) லென்ஸ் என்று போட்டுக் குழப்புவார்கள், 1.5-ஆல் பெருக்கு என்பார்கள், உங்களிடம் ஒரே பாடி இருக்கும்வரை அந்தப் பெருக்கல் தேவையே இல்லை. இரண்டு வகையும் உங்கள் பாடியில் முழுதாக வேலை செய்யும். இடம் பன்னிரண்டு பதினைந்து மீட்டர் தள்ளித்தான் கிடைக்கும் என்றால் ஏஎஃப்-எஸ் 85 எம்எம் எஃப்/1.8ஜி பார்க்கலாம், ஆனால் அது விலையில் ஒரு படி மேலே. அதை வாங்குவதைவிட, அண்ணன் என்று சொல்லி முன்வரிசையில் ஒரு நாற்காலி வாங்கிவிடுங்கள்.

பெயர் படிக்கும்போது ஒரு எச்சரிக்கை. "ஜி" என்று இருந்தாலே மோட்டார் இருக்கிறது என்று சிலர் சொல்வார்கள், அது தப்பு. ஜி என்றால் லென்ஸில் அப்பர்ச்சர் வளையம் இல்லை என்று மட்டும்தான் பொருள். ஏஎஃப் 70-300 எஃப்/4-5.6ஜி என்று ஒரு பழைய லென்ஸ் பழைய சாமான் சந்தையில் மலிவாகச் சுற்றிக்கொண்டிருக்கும், ஜி உண்டு, மோட்டார் கிடையாது, விஆரும் கிடையாது. அதே போல ஏஎஃப் 35 எம்எம் எஃப்/2டி, அதுவும் உங்களுக்கு ஆகாது. மற்ற கம்பெனி லென்ஸ் என்றால் சிக்மாவில் ஹெச்எஸ்எம் என்று எழுதியிருந்தால் மோட்டார் உள்ளே இருக்கிறது. டாம்ரான், டோக்கினா இரண்டிலும் ஒரே லென்ஸே மோட்டார் உள்ளது, இல்லாதது என்று இரண்டு விதமாக வந்திருக்கிறது, டோக்கினா 11-16-ன் முதல் பதிப்பில் இல்லை, இரண்டாவதில் இருக்கிறது. ஆகவே பெயரை மட்டும் நம்பாமல் லென்ஸின் பின்பக்கத்தைப் பாருங்கள், மவுன்ட் உலோகத்தில் ஸ்க்ரூ ட்ரைவர் முனை போகிற மாதிரி ஒரு பள்ளம் இருந்தால் பெரும்பாலும் அது பாடி மோட்டாரை எதிர்பார்க்கிற லென்ஸ்.

கடைக்குப் போகும்போது பாடியையும் சார்ஜ் ஏற்றிய பேட்டரியையும் மெமரி கார்டையும் கையோடு கொண்டுபோங்கள். இதை ஏன் வற்புறுத்துகிறேன் என்றால், ஃபோகஸ் கொஞ்சம் முன்னால் பின்னால் விழுந்தால் அதைத் திருத்திக்கொள்ளும் வசதி டி7000 மாதிரி பாடிகளில் மெனுவில் இருக்கும், டி3200-ல் இல்லை. உங்கள் பாடிக்கும் அந்தக் குறிப்பிட்ட லென்ஸுக்கும் ஒத்துப்போகவில்லை என்றால் வீட்டுக்கு வந்து ஒன்றும் செய்ய முடியாது. ஒரு செய்தித்தாளை மேஜையில் விரித்து, இரண்டு மீட்டர் தள்ளிச் சாய்வாக நின்று, எஃப்/1.8-ல், நடு ஃபோகஸ் புள்ளியை ஒரு தலைப்பின் மேல் வைத்து எடுங்கள். அந்தத் தூரத்தில் 50 எம்எம்-ல் கூர்மையாக இருக்கும் ஆழம் பத்துப் பதினோரு சென்டிமீட்டர்தான், அதனால் தவறு இருந்தால் பளிச்சென்று தெரிந்துவிடும். திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். பிறகு அதே படத்தை லைவ் வ்யூவில் (பின்பக்கத் திரையில் பார்த்து) ஃபோகஸ் செய்து எடுங்கள். லைவ் வ்யூ சென்சாரிலிருந்தே நேராகப் பார்த்து ஃபோகஸ் பிடிக்கிறது. அது கூர்மையாக வந்து, வ்யூ ஃபைண்டர் வழியாக எடுத்தது திரும்பத் திரும்ப மங்கலாக வந்தால் அந்த லென்ஸை வைத்துவிட்டு வேறொரு பிரதி கேளுங்கள்.

பழைய லென்ஸ் என்றால் பங்கஸ் (பூஞ்சை) பார்க்காமல் வாங்கக் கூடாது. மொபைல் டார்ச்சை ஒரு பக்கம் பிடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள், சிலந்தி நூல் மாதிரி கோடுகள் தெரிந்தால் வேண்டாம். நம் ஊர் ஈரத்துக்கு அது பரவும். நாலு தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. பின்பக்கம் உள்ள சின்ன நெம்புகோலை மெதுவாகத் தள்ளிவிட்டால் அப்பர்ச்சர் இதழ்கள் சட்டென்று திரும்ப வேண்டும், மந்தமாக வந்தால் எண்ணெய் இறங்கியிருக்கிறது.

ஏஎஃப்-எஸ் வாங்குவதில் பின்னால் ஒரு லாபமும் இருக்கிறது. நாளைக்கு நீங்கள் நிகானின் மிரர்லெஸ் இசட் வரிசைக்கு மாறினால், எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு இதே 50-ஐத் தானாக ஃபோகஸ் ஆகும்படி பயன்படுத்தலாம். அந்த அடாப்டரிலும் ஸ்க்ரூ மோட்டார் கிடையாது, பழைய டி லென்ஸ் அங்கேயும் கையால்தான்.

ஜூம் ஆசையும் உங்களுக்கு இருப்பது அந்த 70-300 பற்றிக் கேட்டதிலிருந்தே தெரிகிறது. பகல் வெளிச்சத்தில் பறவை, கோபுரத்துச் சுதை என்று எடுக்க ஏஎஃப்-எஸ் டிஎக்ஸ் 55-200 விஆர் அல்லது 55-300 விஆர், இரண்டில் ஒன்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், இரண்டுமே டி3200-ல் ஒழுங்காக வேலை செய்யும். சபாவுக்குள் இவற்றைக் கொண்டுபோகாதீர்கள், உங்கள் கிட் லென்ஸின் அதே இருட்டுதான்.

லென்ஸ் வந்ததும் செய்ய வேண்டியது: மோடை எம்-ல் (மேனுவல்) வையுங்கள், ஆட்டோ மோடில் விட்டால் ஃப்ளாஷ் தானாக எழும்பி ஆடுபவரின் கண்ணை அடித்துவிடும். எஃப்/2, 1/250, ஐஎஸ்ஓ 1600-ல் ஆரம்பித்து, முகத்தைப் பார்த்து ஐஎஸ்ஓவை ஏற்றி இறக்குங்கள். கறுப்புப் பின்திரை இருந்தால் கேமராவின் மீட்டர் மொத்த மேடையும் இருட்டு என்று காட்டும், அதை நம்பினால் முகம் வெளுத்துவிடும், அதனால் மீட்டரை ஸ்பாட்டுக்கு (ஒரு சின்ன இடத்தை மட்டும் அளப்பது) மாற்றி முகத்தில் அளந்துகொள்ளுங்கள். விளக்கு நிறம் பாட்டுக்குப் பாட்டு மாறும், ரா ஃபைலில் (சென்சாரின் தரவை அப்படியே வைக்கும் கோப்பு) எடுத்தால் பிறகு திருத்தலாம். ஃபோகஸுக்கு நடுப்புள்ளி ஒன்றை மட்டும் வைத்து ஏஎஃப்-சி (தொடர்ந்து ஃபோகஸ் பிடிக்கும் முறை) போடுங்கள், டி3200-ல் இருக்கும் 11 புள்ளிகளில் இருட்டில் நம்பகமானது அதுதான். ஒத்திகை நாளில் தங்கையின் குருவிடம் அனுமதி கேட்டு முழுதாக ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், எந்த உருப்படியில் எங்கே நிற்கிறாள் என்பது பழகிவிடும். ஜதி ஓடும்போது 1/250-லும் கால் கொஞ்சம் கலங்கலாம், தீர்மானம் (ஜதியின் முடிப்பு) முடிந்து அவள் நிற்கும் அந்த நொடியில் அழுத்துங்கள், குதிப்பு வரும் இடத்துக்கு மட்டும் 1/500-க்கு ஏற்றிக்கொள்ளுங்கள்.